சைக்கிளில் வரும் வாடிக்கையாளர்

கடையைப் பூட்டிவிட்டு நான்கு நாள் வெளியூர் போவது என்பது மளிகைக் கடைக்காரர்களுக்குப் பழக்கமில்லாத காரியம். கல்யாணம், கருமாதி, குலதெய்வம் கோயில் கொடை, இவற்றைத் தவிர வேறு காரணத்துக்காக நாம் கல்லாவை விட்டு இறங்குவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். மகள் பிரான்சு நாட்டில் லியோன் நகரில் குடியிருக்கிறாள். பேரன் பிறந்ததை முன்னிட்டு 2023 செப்டம்பரில் அங்கே போயிருந்தேன். போன இடத்தில் மாப்பிள்ளை, "மாமா, இரண்டு நாள் சைக்கிள் எடுத்துக்கொண்டு திராட்சைத் தோட்டங்களைச் சுற்றி வரலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வயதில் மண்டியிலிருந்து சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டி மிதித்தவன் நான். அதே சைக்கிளுக்கு வாடகை கொடுத்து, பொழுதுபோக்கு என்று மிதிப்பதா?

போய் வந்த பிறகு எண்ணம் மாறிவிட்டது. சுற்றுலாக் கதை சொல்ல இதை எழுதவில்லை. அந்த வழி நெடுகிலும் நான் கண்டது வியாபாரம். உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் ஆகிய மூவருக்கும் இடையே நூறாண்டுகளாக நடக்கும் இழுபறி அந்த 22 கிலோமீட்டர் பாதையில் கண்ணுக்குத் தெரிகிறது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வாசகர்களில் பெரும்பாலோரைப் போல நானும் மது அருந்துவதில்லை. ருசி பார்த்தது மாப்பிள்ளை. நான் விலைப்பட்டியலைப் பார்த்தேன்.

ஊரும் பாதையும்

பிரான்சின் கிழக்குப் பகுதியில் பர்கண்டி என்றொரு சீமை. அதன் ஒயின் வியாபாரத் தலைநகரம் போன் என்னும் சிறு நகரம் (நம் மேசை மேல் மணியடிக்கும் போன் அல்ல, ஊரின் பெயரே அப்படி). லியோனிலிருந்து இரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பாரிசிலிருந்து வருபவர்கள் திஜோன் வரை அதிவேக இரயிலில் வந்து அங்கிருந்து மாறுகிறார்கள். போன் நகரில் சைக்கிள் வாடகைக் கடைகள் உண்டு. பெடல் மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும் மின் சைக்கிளும் கிடைக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் வீம்பு பார்க்காமல் அதையே எடுத்துக்கொள்ளலாம். நான் வீம்பு பார்த்தேன், அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

போனிலிருந்து தெற்கே சாந்த்னே என்ற ஊர் வரை போகும் பாதைக்குத் 'திராட்சைக் கொடி வழி' என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். பொம்மார், வோல்னே, மேர்சோ, புலினி-மோன்ராஷே, ஷசாஞ்-மோன்ராஷே ஆகிய ஊர்கள் வழியில் வருகின்றன. ஒவ்வொன்றும் நம் பக்கத்துச் சிறு கிராமம் அளவுதான். ஆனால் இந்தப் பெயர்கள் உலகத்து ஒயின் வியாபாரிகள் அனைவருக்கும் மனப்பாடம். பாதையின் பெரும்பகுதி புதிதாகப் போட்டதன்று. விவசாயிகள் தோட்டத்துக்கு டிராக்டர் ஓட்டிச் செல்லும் குறுகலான சிமெண்டு வழிகளையே இணைத்து, பெயர்ப்பலகை நட்டுச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். இருக்கிற வழிக்குப் பலகை மட்டும் வைத்தால் போதும் என்று யோசித்தவர் நல்ல வியாபாரியாகத்தான் இருக்க வேண்டும்.

அங்கே டிராக்டருக்குத்தான் முதல் உரிமை. எதிரே வந்தால் நாம் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். அந்த டிராக்டரே ஒரு விநோதம். நீண்ட கால்களை ஊன்றி, கொடி வரிசை ஒன்றைத் தன் வயிற்றுக்குக் கீழே விட்டு நடக்கும் ஒட்டகம் போல இருக்கிறது. காரணம், வரிசைகளுக்கு இடையே ஒரு மீட்டர்தான் இடைவெளி. நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைப் பந்தலில் ஏற்றி விடுகிறார்கள், நாம் பந்தலுக்கு அடியில் நடக்கலாம். இங்கே கொடியை இடுப்பளவுக் கம்பியில் கட்டி, குட்டையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு ஹெக்டேரில், அதாவது சுமார் இரண்டரை ஏக்கரில், 10,000 கொடிகள் வரை நிற்கின்றன. ஹெக்டேருக்கு 4,000 லிட்டர் ஒயின் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 750 மில்லி புட்டிகள் 5,300 சொச்சம். அதாவது இரண்டு கொடிக்கு ஒரு புட்டி. கம்பத்தில் ஒரு கொடியில் தொங்கும் குலைகளைப் பார்த்தவர்களுக்கு இது நம்பமுடியாத கஞ்சத்தனமாகத் தெரியும். விளைச்சலைக் குறைத்தால் ருசி கூடும், ருசி கூடினால் விலை கூடும் என்பது அவர்கள் கணக்கு. சட்டமே விளைச்சலுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது.

சிவப்பு ஒயினுக்குப் பினோ நுவார், வெள்ளை ஒயினுக்கு ஷார்தொனே என்று முக்கியமாக இரண்டே இரகங்கள். அப்படியானால் ஒரு புட்டி 15 யூரோவுக்கும் இன்னொன்று பல நூறு யூரோவுக்கும் விற்பது எப்படி? மண்ணை வைத்துத்தான். தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பெயரிட்டு, சுவர் கட்டி, எல்லை வகுத்து வைத்திருக்கிறார்கள். இப்படிப் பெயருள்ள துண்டுகள் 1,247. இவற்றை 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சரிவின் நடுப்பகுதிக்கு உயர்ந்த தரம், அடிவாரத்துக்குக் குறைந்த தரம். காரில் போகிறவருக்கு இது விளங்காது, எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும். சைக்கிளில் போகிறவருக்கு முழங்காலே சொல்லிக் கொடுத்துவிடும். மேடு ஏற ஏறச் சுவரில் செதுக்கிய பெயர்கள் மாறும், விலைப்பட்டியலில் இலக்கம் கூடும்.

பெயர் விஷயத்தில் அந்த ஊர்க்காரர்கள் செய்த ஒரு தந்திரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாம் மணப்பாறை முறுக்கு, திருநெல்வேலி அல்வா என்று ஊர்ப் பெயரைச் சரக்குக்கு வைக்கிறோம். அவர்கள் சரக்கின் பெயரை ஊருக்கே வைத்துவிட்டார்கள்! மோன்ராஷே என்பது சுமார் 8 ஹெக்டேர் தோட்டம் ஒன்றின் பெயர். அது புலினி, ஷசாஞ் ஆகிய இரண்டு ஊர்களின் எல்லையில் கிடக்கிறது. 1879-இல் இரண்டு ஊர்களுமே தத்தம் பெயரோடு மோன்ராஷேயைச் சேர்த்துக்கொண்டன. வடக்கே ஜெவ்ரே என்ற ஊர் 1847-லேயே தன் புகழ்பெற்ற ஷாம்பெர்தேன் தோட்டத்தின் பெயரை ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. இதனால் அந்த ஊரில் விளையும் சாதாரணச் சரக்கும் பெரிய பெயரின் நிழலில் நிற்கிறது. புட்டியின் மேல் எழுத்தைக் கூர்ந்து படிக்காதவர் ஏமாறுவார்.

மண்டிக்காரரும் விவசாயியும்

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு வந்த வாரிசுச் சட்டப்படி சொத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு. தலைமுறைக்குத் தலைமுறை தோட்டம் துண்டாகிக்கொண்டே வந்தது. வூஜோ என்ற ஊரில் ஒரே மதில் சுவருக்குள் இருக்கும் 50 ஹெக்டேர் தோட்டத்துக்குச் சுமார் 80 உடைமையாளர்கள்! ஒருவருக்கு இங்கே நாலு வரிசை, அங்கே ஆறு வரிசை. அந்த அளவு பழத்தை வைத்து ஒரு மரப்பீப்பாயைக்கூட நிரப்ப முடியாதவர்கள் பலர்.

இந்த இடத்தில்தான் மொத்த வியாபாரி வருகிறார். போன் நகரத்து வணிக நிறுவனங்களில் சில 18ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கின்றன. புஷார் குடும்ப நிறுவனம் 1731-இல் தொடங்கியது. இவர்கள் விவசாயியிடம் பழமாகவோ, பீப்பாயில் ஊறும் இளம் ஒயினாகவோ கொள்முதல் செய்வார்கள். பலரிடம் வாங்கிய ஒரே தரச் சரக்கைச் சேர்த்து, நிலவறையில் வளர்த்து, புட்டியில் அடைத்து, தங்கள் பெயர் ஒட்டி விற்பார்கள். விவசாயிக்கு உடனே பணம். ஆனால் அவர் பெயர் வெளியே தெரியாது. நம் மண்டி முறைக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

சிக்கல் எங்கே முளைத்தது என்றால், 1920களில் சில வணிகர்கள் தெற்கேயிருந்து வரும் மலிவுச் சரக்கைக் கலந்து, பெரிய தோட்டங்களின் பெயரில் விற்றார்கள். வோல்னே ஊரைச் சேர்ந்த மார்க்கி தாஞ்சர்வில் என்ற தோட்ட உடைமையாளர் இதைப் பகிரங்கமாக எதிர்த்தார். கோபங்கொண்ட வணிகர்கள் அவரிடம் கொள்முதலை நிறுத்தினார்கள். வேறு வழியில்லாமல் அவர் தாமே புட்டியில் அடைத்துத் தாமே விற்கத் தொடங்கினார். அவரைப் போல் மேலும் சிலர் கிளம்பினார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் பிராங்க் ஸ்கூன்மேக்கர் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் போன் நகரத்து வணிகர்களைத் தாண்டி நேராகத் தோட்டத்துக்கே வந்து வாங்கினார். 1935-இல் ஊர்ப்பெயர்களைப் பாதுகாக்கும் சட்டமும் வந்தது.

நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விவசாயி நேரடி விற்பனைக்கு விரும்பிப் போகவில்லை. சிலர் செய்த கலப்படமும், அதை எதிர்த்தவரை ஒதுக்கியதும் சேர்ந்து அவரைத் தள்ளிவிட்டன. நாணயமாக நடந்த நிறுவனங்கள் தப்பின. இன்றும் பர்கண்டி ஒயினில் கணிசமான பங்கு அவர்கள் வழியாகத்தான் வெளியூர் போகிறது. ஆனால் அன்று கையை விட்டுப்போன அந்தப் பங்கு திரும்பவில்லை. பாதை நெடுகிலும் வீட்டு வாசலில் 'ருசி பார்க்கலாம், நேரடி விற்பனை' என்று தொங்கும் பலகைகள் அதன் மிச்சம். சைக்கிள் பயணிகள் தட்டுவது இந்தக் கதவுகளைத்தான்.

சைக்கிளில் வருகிறவர் என்ன வாங்குவார்?

முதலில் என் அனுபவம். பொம்மார் ஊரில், முதல் நிறுத்தத்திலேயே, சம்பந்தி வீட்டார்க்கு என்று ஆறு புட்டி வாங்கிவிட்டேன். கண்ணாடியோடு சேர்த்து ஒரு புட்டி ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாது. எட்டு கிலோவைப் பின்னால் கட்டிக்கொண்டு வோல்னே மேட்டில் ஏறியபோது மண்டி மூட்டை நினைவு வந்தது. பாதியில் இறங்கித் தள்ளினேன். அடுத்த வீட்டில் இருந்த அம்மாள் என் கேரியரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மேசையில் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். பெயர், முகவரி, எத்தனை பெட்டி. ஆறு அல்லது பன்னிரண்டு புட்டிப் பெட்டியாக வீட்டுக்கே அனுப்பிவிடுவார்களாம். சைக்கிளில் வருகிறவர் தூக்கிப் போவது ஒன்றிரண்டு புட்டிதான். எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது இரண்டு பெட்டி. ருசி பிடித்துவிட்டால் அடுத்த ஆண்டும் கடிதம் போட்டு வரவழைப்பார். அந்த முகவரிப் பேரேடுதான் அந்த அம்மாளின் சொத்து.

ருசி பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கோப்பையில் கொஞ்சம் ஊற்றித் தருவார்கள். முகர்ந்து, வாயில் கொப்பளித்து, பக்கத்தில் வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிட வேண்டும். துப்புவது அங்கே மரியாதைக் குறைவன்று, தொழில் தெரிந்தவர் என்பதற்கு அடையாளம். விழுங்கிக்கொண்டே போனால் மூன்றாவது ஊரில் சைக்கிள் நேராகப் போகாது. சட்டமும் விடாது. பிரான்சில் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு காருக்கு மட்டுமல்ல, சைக்கிளுக்கும் உண்டு. அபராதம் 135 யூரோவில் ஆரம்பிக்கிறது. சில வீடுகளில் ருசி பார்க்கக் கட்டணம் வாங்குகிறார்கள், வாங்கினால் கழித்துக்கொள்கிறார்கள். கட்டணமில்லாத வீட்டில் அரைமணி நேரம் நின்று ஆறு வகை பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் நகர்வது அழகல்ல. சேலைக் கடையில் நாற்பது சேலை விரிக்கச் சொல்லி எழுந்து போகிறவர்களை நாம் எப்படிப் பார்க்கிறோமோ, அப்படித்தான் அவர்களும் பார்ப்பார்கள்.

சைக்கிள்காரரால் பிழைப்பவர் தோட்டக்காரர் மட்டுமல்ல. பேருந்தில் கூட்டமாக வருகிறவர்கள் பெரிய நிலவறை ஒன்றில் இறங்கி, அங்கேயே ருசி பார்த்து, அங்கேயே வாங்கி ஏறிவிடுகிறார்கள். கிராமத்து ரொட்டிக் கடைக்கு அவர்களால் ஒரு காசு வருமானமில்லை. சைக்கிளில் வருகிறவருக்கு ஒரு மணிக்கொரு தரம் பசிக்கும், தாகமெடுக்கும், டியூப் பஞ்சராகும், மழை வந்தால் அறை தேவைப்படும். ரொட்டி, பாலாடைக்கட்டி, தண்ணீர், பழம் எல்லாம் சில்லறையாக வாங்குவார். நாங்கள் மேர்சோ ஊரில் வண்ண ஓடு வேய்ந்த ஊராட்சி மாளிகைக்கு எதிரே சைக்கிளை நிறுத்தியபோது பகல் மணி பன்னிரண்டரை. கடைகள் அடைத்திருந்தன! அந்த நாட்டில் பல கடைகள் பன்னிரண்டு மணிக்குச் சாத்தி இரண்டு மணிக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல இடங்களில் கிடையாது. பசியோடு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபோது, நம் கடைகள் காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்துக்கு அடைப்பதை நினைத்து எனக்குப் பெருமையும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது. மதியம் இரண்டு மணி நேரம் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் மளிகைக்காரரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

கதவுகள் சாத்தப்படுகின்றன

இதெல்லாம் நன்றாக இருக்கிறதே என்று நினைக்கும்போதுதான் மறுபக்கம் தெரிந்தது. புலினியில் நான்கு கதவு தட்டினோம். மூன்றில் விற்பனைக்குச் சரக்கில்லை என்றார்கள். விளைவது கொஞ்சம், வேண்டுபவர் உலகம் முழுவதும். புகழ்பெற்ற குடும்பங்களின் சரக்கு புட்டியில் ஏறுமுன்பே வெளிநாட்டு இறக்குமதியாளர்களுக்கு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. வழியோடு போகிறவருக்குத் திறந்து வைக்க ஒன்றுமில்லை.

பருவமும் மாறிவிட்டது. போன் நகரில் திராட்சை அறுவடை தொடங்கிய தேதிகள் 1354 முதல் தொடர்ச்சியாகத் திரட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரை, 1988க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முந்திவிட்டது என்று காட்டியது. கொடி சீக்கிரம் துளிர்க்கிறது, பிறகு ஏப்ரலில் உறைபனி விழுந்தால் துளிர் கருகிவிடுகிறது. 2021 ஏப்ரலில் அப்படித்தான் நடந்தது. இரவெல்லாம் வரிசைக்கு வரிசை பெரிய மெழுகுத் திரிகளை ஏற்றி வைத்துத் தோட்டத்தைச் சூடேற்றிப் பார்த்தார்கள். அப்படியும் அந்த ஆண்டு பர்கண்டியில், அதிலும் வெள்ளைத் திராட்சையில், விளைச்சல் படுமோசம். சரக்கு குறைந்தது, விலை ஏறியது, பழைய சில்லறை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வைத்திருந்ததும் போயிற்று.

நிலத்தின் விலையோ கேட்கவே வேண்டாம். உயர்தரத் தோட்டம் ஒரு ஹெக்டேர் பல மில்லியன் யூரோ. தகப்பனார் காலமானால் வாரிசு வரி கட்டவே பிள்ளைகள் திணறுகிறார்கள். ஒயின் விற்று வரும் வருமானத்தில் அந்த வரியை அடைக்க முடியாது. விற்றால் வாங்குகிறவர் பக்கத்து விவசாயி அல்ல. 2014-இல் குளோ தெ லாம்ப்ரே தோட்டத்தை ஆடம்பரப் பொருள் நிறுவனமான எல்விஎம்எச் வாங்கியது. 2017-இல் 7.5 ஹெக்டேர் அளவுள்ள குளோ தெ தார் தோட்டத்தைப் பினோ குடும்பத்தின் ஆர்ட்டெமிஸ் குழுமம் வாங்கியது. கைப்பை விற்கும் முதலாளிகளின் கையில் திராட்சை. அவர்கள் சைக்கிள்காரருக்கு வாசலில் நின்று ஊற்றிக் கொடுக்கப் போவதில்லை என்று மேர்சோவில் ஒரு முதியவர் எங்களிடம் சொன்னார். அவர் மகன் பக்கத்துத் தோட்டத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு விலையைக் கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டாராம்.

ஆகவே புதிதாகப் போகிறவர்களுக்கு என் யோசனை: புகழ்பெற்ற ஊர்களை வேடிக்கை பாருங்கள், வாங்குவதைப் பாதையின் கடைசி ஊரான சாந்த்னேயில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் தெற்கே ரூய்யி, ஜிவ்ரி போன்ற ஊர்களில் அதே இரகத் திராட்சை, குறைந்த விலை, திறந்த கதவு. ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை பழைய இரயில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு 1997-இல் சைக்கிள் பாதை ஆக்கியிருக்கிறார்கள். இரயில் போன வழி என்பதால் மேடு பள்ளமில்லை. எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் வோல்னே மேட்டில் வியர்த்திருக்க மாட்டேன்.

ஏலமும் கடுகும்

போன் நகரில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று 1443-இல் நிக்கொலா ரோலின் என்ற அமைச்சர் ஏழைகளுக்காகக் கட்டிய தர்ம ஆஸ்பத்திரி. செல்வர்கள் எழுதி வைத்த திராட்சைத் தோட்டங்கள் இன்று சுமார் 60 ஹெக்டேர் அதன் பெயரில் இருக்கின்றன. அவற்றின் ஒயினை 1859 முதல் நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று ஏலம் விடுகிறார்கள். ஒரு பீப்பாய் 228 லிட்டர், சுமார் 300 புட்டி. பழைய முறைப்படி சிறு மெழுகுத் திரியை ஏற்றி வைப்பார்கள், சுடர் அணையும்போது கடைசியாகக் கேட்டவருக்குச் சரக்கு. இப்போது அந்த முறையைச் சிறப்புப் பீப்பாய்க்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். வணிகர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த ஏலம் 2005 முதல் தனி ஆட்களுக்கும் திறக்கப்பட்டது. ஆனாலும் பீப்பாயை வீட்டுக்கு உருட்டிப் போக முடியாது. உள்ளூர் வணிக நிறுவனம் ஒன்றிடம் வளர்க்க விட்டுத்தான் புட்டியாக வாங்க வேண்டும். கதவைத் திறந்தபோதும் மண்டிக்காரர் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாவது, எனக்கு ஒயினைவிட மிகவும் பிடித்தது, ஃபல்லோ என்ற குடும்பத்தாரின் கடுகு ஆலை. 1840-இல் தொடங்கியது, இன்னும் கல் ஆட்டுரலில் அரைக்கிறார்கள். நாம் தாளிக்கும் கடுகின் இனம்தான். அதை வினிகரிலோ ஒயினிலோ ஊறவைத்து அரைத்தால் அவர்கள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் கடுகு விழுது. 'திஜோன் கடுகு' என்பது செய்முறையின் பெயர்தான், ஊரின் பெயர் அல்ல என்பதை அங்கேதான் அறிந்தேன். யாரும் எங்கும் செய்யலாம். கடுகோ பெரும்பாலும் கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2021-இல் கனடாவில் கடும் வறட்சி. 2022-இல் பிரான்சு முழுவதும் கடைத் தட்டுகளில் கடுகு விழுது இல்லை, ஆளுக்கு ஒரு புட்டி என்று எழுதி ஒட்டினார்கள். ஆனால் 'பர்கண்டி கடுகு' என்ற பெயர் 2009 முதல் சட்டப் பாதுகாப்பு பெற்றது. கடுகும் அங்கேயே விளைய வேண்டும், சேர்க்கும் வெள்ளை ஒயினும் அந்த மண்ணினதாக இருக்க வேண்டும். பஞ்சத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்து விவசாயிகள் பலர் மீண்டும் கடுகு விதைக்க முன்வந்தார்கள்.

அங்கே இரண்டு கண்ணாடிக் குப்பி வாங்கினேன். மொத்தம் அரைக் கிலோகூட இல்லை, சைக்கிளில் கட்டுவதற்கு எந்தச் சிரமமும் இல்லை. ஒன்று மகள் வீட்டில் தீர்ந்துவிட்டது. இன்னொன்று என் கடை மேசை மேல் இருக்கிறது. வருகிறவர்கள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, கிலோ என்ன விலை என்று கேட்கிறார்கள்.